பழசுக்குப் பழசு

துனிஸ் பழைய நகரத்தில் பாழடைந்த வீட்டை வாங்கியவர்கள் முதலில் போய் நிற்பது ஷாத்லியின் வாசலில்தான். இடிந்து கிடப்பதைப் பழைய கோலத்துக்குக் கொண்டுவருவதில் அவருக்கு நிகர் அவர்தான் என்று ஊர் சொல்லும். ஊர் சொல்ல மறந்தால் அவரே சொல்லிக்கொள்வார். கதவு ஆணி என்றால் கொல்லன் கையால் அடித்த ஆணி. பூச்சு என்றால் சுண்ணாம்பு, சிமெண்ட் வாடையே கூடாது. சுவரில் பதிக்கும் வண்ண ஓடு என்றால் அந்தக் காலத்துச் சூளையில் வெந்த ஓடு. நாபூல் ஊரில் பழைய பூவையே பார்த்துப் பார்த்துப் புதிதாகச் செய்து தருகிறார்களே, அதை வாங்கிப் போட்டால் என்ன என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் போச்சு.

"பழசுக்குப் பழசுதான் சார். பொய்ப்பல்லு கட்டிக்கிட்டு சிரிக்கற வீடு வேணும்னா வேற ஆளப் பாத்துக்கோங்க."

இந்தப் பல் கதையை அவர் மேடையேறியும் பேசியிருக்கிறார். கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தக் காலத்து ஓடு அந்தக் காலத்துச் சுவரில்தானே இருக்கும், அதை எந்தச் சுவரிலிருந்து எடுத்துவருகிறீர்கள் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. படித்த பிள்ளைகள், மரியாதை தெரிந்தவர்கள்.

கப்பல் ஏஜெண்ட் ஃபாதில், பாஷா தெருப் பக்கம் வாங்கிய வீட்டில் பெரிய அறையின் கோடிச் சுவர் மட்டும் வெகுநாள் வெறுமையாகக் கிடந்தது. மற்ற வேலையெல்லாம் முடிந்துவிட்டது. ஷாத்லி மனசுக்குள் அந்தச் சுவருக்கு சிங்கப் பாதம் என்று முடிவு கட்டியிருந்தார். மஞ்சளும் பச்சையும் நீலமுமாக, நாலு ஓடு சேர்ந்தால் ஒரு பாதம் விரிகிற கோலம் அது. புதிதாக எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும், அசல் கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்படியிருக்க, போன வருஷம் ஒரு நாள் பழம்பொருள் வியாபாரி லம்ஜெட் வைக்கோல் பொதிந்த பெட்டிகளை வேனில் கொண்டுவந்து இறக்கினான். ஒரு சுவருக்குக் கச்சிதமாக இருந்தது. எங்கேயிருந்து என்று ஷாத்லி கேட்கவில்லை. அந்தச் சந்தையில் அது ஒரு நாகரிகம். விற்கிறவன் சொல்லமாட்டான், வாங்குகிறவன் கேட்கமாட்டான், இரண்டு பேரும் அல்லா பெயரைச் சொல்லிக் கை குலுக்கிக்கொள்வார்கள்.

கீழ்வரிசை ஓடுகளில் கரி அப்பியிருந்தது. குளிர்காலத்தில் யாரோ கணப்புச் சட்டியைச் சுவரோடு சேர்த்து வைத்துத் தீக் காய்ந்திருக்கிறார்கள். வேலையாட்களிடம் விடாமல் ஷாத்லியே உட்கார்ந்து சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்தார். துடைக்கத் துடைக்க அந்தக் கரி எந்தச் சட்டியின் கரி என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. சின்ன வயதில் அந்தச் சட்டிக்கு எதிரே உட்கார்ந்துதான் அவரும் கை காய்ச்சியிருக்கிறார். பாப் சுவீக்கா பேட்டையில் மன்ஜியா அக்கா இருக்கிற வீடு அது. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும்தான் கணப்புச் சட்டி இருந்தது, எல்லா வீட்டிலும்தான் கரி பிடித்தது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு இன்னும் அழுத்தித் துடைத்தார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்ன? ஷாத்லி மூடித்தான் பார்த்தார். ஓடு சுவரேறியது, ஃபாதில் ஊரையே கூட்டி விருந்து வைத்தார்.

மன்ஜியா அவருக்குப் பால் அக்கா. ஷாத்லி பிறந்தபோது அவர் அம்மாவுக்குக் கடும் காய்ச்சல், பால் இல்லை. மன்ஜியாவின் அம்மா ஒரு பக்கம் தன் மகளையும் மறுபக்கம் இந்தப் பிள்ளையையும் போட்டுக்கொண்டு வளர்த்தாள். ஒரே மார்பில் பால் குடித்தவர்கள் உடன்பிறந்தவர்கள், மார்க்கமே சொல்கிற உறவு, வெட்டினாலும் போகாது. மன்ஜியா அவரைவிட நாலைந்து மாதம் மூத்தவள். அந்த நாலைந்து மாதத்தை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க அவரை அதட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் விருந்துக்குப் பிறகு ஒரு வருஷமாக அவளிடமிருந்து போனே இல்லை. ஷாத்லியும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. தப்பித்தோம் என்று கூட நினைத்துக்கொண்டார், அந்தக் கேவலத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நோன்பு மாதத்துக்குக் கொஞ்சம் முந்தி போன் வந்தது.

"டேய் ஷாத்லி, உயிரோட இருக்கியா?"

"இருக்கேன் அக்கா. வேலை ஜாஸ்தி."

"பணக்காரன் வீட்டு சுவத்த தடவிக்கிட்டே இருந்தா எங்க நெனப்பு எப்படி வரும். சரி, கேளு. வியாழக்கிழமை நகராட்சியிலேர்ந்து வர்றாங்க. இந்த வீடு விழப்போவுதாம், எல்லாரையும் காலி பண்ணிட்டு இடிக்கணும்ங்கறாங்க. உள்ள அந்தக் காலத்து வேலைப்பாடு ஏதாவது இருந்தா மட்டும் இடிக்கமாட்டாங்களாம். அவங்களே ரிப்பேர் பண்ணி எங்களயே இருந்துக்கச் சொல்வாங்களாம். நீ வந்து ஒரு வார்த்த சொல்லுடா. உன் வார்த்தைக்கு அங்க மதிப்பாமே."

"வர்றேன் அக்கா."

"அதுக்கு முன்னாடி ஒரு நட வந்துட்டுப் போ. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். போன்ல வேணாம்."

அந்த 'ஒண்ணு' என்னவென்று அவருக்குத் தெரியும்.

அந்த வீடு ஒரு காலத்தில் எண்ணெய் வியாபாரி ஒருவரின் மாளிகை. அவர் வாரிசுகள் கடற்கரைப் பக்கம் பங்களா கட்டிக்கொண்டு போனபின், அறைக்கு ஒரு குடும்பமாக வாடகைக்கு வந்து நிரம்பிவிட்டது. எண்ணெய் வியாபாரி குடும்பத்துக்குச் சமைத்துப்போட்டவள் மன்ஜியாவின் அம்மா. அதனால் மன்ஜியா அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, அங்கேயே புருஷனைப் பறிகொடுத்து, இப்போது முற்றத்து மண் அடுப்பில் தபூனா ரொட்டி சுட்டு விற்றுப் பிழைக்கிறாள். ஊருக்கு வெளியே நாலாம் மாடியில் ஒரு ஃப்ளாட் கொடுக்கிறார்களாம். நாலாம் மாடியில் மண் அடுப்பை எங்கே கட்டுவது? வீடு போனால் அவளுக்குப் பிழைப்பும் போச்சு.

ஷாத்லி போனபோது அவள் அடுப்பின் வாய்க்குள் முழங்கை வரை விட்டு ரொட்டியை உரித்துக்கொண்டிருந்தாள். வா என்றாள். சூடான ரொட்டியைப் பிய்த்து, ஹரிஸா மிளகாய் விழுதில் எண்ணெய் விட்டு, தட்டை அவர் கையில் கொடுத்தாள். இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துக்கொண்டு பெரிய அறைப் பக்கம் நடந்தாள். வீட்டில் எல்லோரும் தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைக்கும் அறை அது, சாவி எப்போதும் அவளிடம்தான்.

கதவைத் திறந்தாள். கோடிச் சுவரில் சிங்கப் பாதம் இல்லை. சுண்ணாம்புச் சாந்தில் கட்டம் கட்டமாக ஓடு இருந்த தடம் மட்டும் இருந்தது. மூலையில் ஒரு பச்சைச் சில் ஒட்டிக்கொண்டிருந்தது. தெரிந்ததுதான், தெரிந்தே வந்ததுதான். ஆனாலும் கண்ணால் பார்த்தபோது ஷாத்லி ரொட்டித் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"போன வருஷம் மக பிரசவத்துக்கு பிஸர்த்தா போயிருந்தேன்ல, அப்ப," என்றாள் மன்ஜியா. "சாவி எங்கிட்டதான் இருந்துச்சு. பட்டப்பகல்ல கூலியாளுங்க மாதிரி வந்து பூட்ட ஒடச்சு, ஏதோ ரிப்பேர்னு சொல்லி எடுத்துட்டுப் போயிருக்கானுங்க. ஒருத்தியும் கேக்கல."

ஷாத்லி மூலையில் இருந்த பச்சைச் சில்லை விரலால் தொட்டார்.

"நீ எத்தன தரம் சொல்லியிருப்ப, அக்கா இந்தச் சுவர மட்டும் பாத்துக்கோ, இது தங்கம்னு. பாத்துக்கலியே நான். உங்கிட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு சொல்றதுன்னுதான் ஒரு வருஷமா போன் பண்ணல. வெக்கமா இருந்துச்சுடா. மன்னிச்சிரு."

ஷாத்லிக்குக் காதில் ஈயம் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது. திருட்டுச் சொத்தை வைத்துக்கொண்டிருப்பவனிடம் பறிகொடுத்தவள் மன்னிப்புக் கேட்கிறாள். அவரைப் போலவே அவளும் ஒரு வருஷமாக வெட்கத்தில்தான் ஒதுங்கியிருக்கிறாள். அவள் வெட்கம் யோக்கியமான வெட்கம், அவ்வளவுதான் வித்தியாசம்.

"மேல இருக்கால்ல சுஹைர், அவ ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறா, நானே வித்து மக பிரசவத்துக்கு செலவழிச்சிட்டேனாம். மத்தவங்க வாயத் திறக்கல, ஆனா நம்பறாங்க. ரொட்டி வாங்கறப்ப முகத்த பாக்க மாட்டேங்கறாங்க." சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "அது போகட்டும். அந்தத் தடத்த வச்சு ஏதாவது சொல்ல முடியுமா பாருடா. நீதான படிச்சவங்ககிட்ட பேசத் தெரிஞ்சவன்."

சொல்லியிருக்கலாம். அந்த அறையில் வேறு யாரும் இல்லை, கேட்கிறவள் அக்கா. கன்னத்தில் நாலு அறை விட்டிருப்பாள், அதோடு போயிருக்கும். ஷாத்லி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பாத்துக்கலாம் அக்கா," என்றார்.

என்னத்தைப் பார்ப்பது? திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு யோசனைதான் ஓடியது. ஃபாதில் வியாபார விஷயமாக ஸ்ஃபாக்ஸ் போயிருக்கிறார், வீட்டுச் சாவி இவரிடம் இருக்கிறது. ஓடுகளைக் கழற்றிக்கொண்டுபோய் அக்கா வீட்டுச் சுவரில் பழையபடி பதித்துவிட்டால், வியாழக்கிழமை வருகிறவர்கள் பார்த்து எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். ஃபாதில் வந்து குதித்தால் குதிக்கட்டும், காலில் விழுந்துகொள்ளலாம். யார் வீட்டுச் சுவரில் இருந்தது, யார் வாங்கியது என்று அக்காவுக்குத் தெரியவே வேண்டாம். போலீஸ் கண்டுபிடித்துக் கொடுத்தது என்று சொல்லிவிடலாம். அவமானத்திலிருந்து பின்வாசல் வழியாக ஓடப் பார்த்தார் மனிதர்.

மறுநாள் காலையில் ஹமாதியை அழைத்துக்கொண்டு ஃபாதில் வீட்டுக்குப் போனார். ஹமாதி அவரிடம் வெகுகாலமாகச் சாந்து குழைப்பவன், அவர் வயதுதான், வாய் மட்டும் நீளம். உளியைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"எதுக்கு மேஸ்திரி?"

"கழட்டணும். ஒண்ணுகூட ஒடையக்கூடாது."

"நல்லா இருக்கே. மறந்துட்டீங்களா? இதுக்கு நான் என்ன குழைச்சேன்?"

ஷாத்லி மறக்கவில்லை. மறந்தது போல இருந்துவிடலாம் என்று பார்த்தார்.

"சிமெண்ட்டு," என்றான் ஹமாதி. "கதவச் சாத்திட்டுக் குழைக்கச் சொன்னீங்க. இந்த மாதிரி ஓடுன்னா திருடன் விடமாட்டான், வந்தாலும் கழட்ட முடியாம போகணும், யாருகிட்டயும் மூச்சு விடாதடான்னீங்க. ஊருக்கெல்லாம் சிமெண்ட் விஷம்னு சொல்றவரு குடுத்த விஷம்தான் இது. நான் பாட்டுக்குக் குழைச்சேன்."

"பேசாம பிடிடா."

ஓரத்து ஓட்டில் உளியை வைத்து விரலால் தட்டுவது போலத் தட்டினார். ஓடு அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். ஒரு சின்ன சத்தம் கேட்டது, பூவுக்குக் குறுக்கே கோடு ஓடி, பாதி ஓடு அவர் கையில் வந்தது, பாதி சுவரிலேயே நின்றது. கீழ்வரிசையில் இன்னொன்றை முயன்றார், அது மூன்றாகப் போயிற்று. சுண்ணாம்பில் பதித்தது என்றால் கத்தி முனைக்குக் கழன்று வரும். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒரு கொத்தன் சுண்ணாம்பில் பதித்ததால்தான் திருடன்கூட அதை முழுசாக எடுத்தான். ஷாத்லி பதித்ததைப் பதித்தவராலும் எடுக்க முடியாது. திருடன் செய்ததைவிடப் பெரிய நாசத்தைத் தன் கையால் செய்துவைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரு வீட்டுது மேஸ்திரி?" என்றான் ஹமாதி.

"எங்க அக்கா வீட்டுது."

ஹமாதி எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவன். இப்போது உளியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, சிகரெட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டான். அவன் வாயை மூடிக்கொண்டு போனதுதான் ஷாத்லியை அதிகமாக அடித்தது.

வியாழக்கிழமை நகராட்சி என்ஜினியர் ராத்யா வந்தாள். கூடவே கேமராவோடு ஒரு ஆள். வீட்டுப் பெண்கள் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் கூடினார்கள். ராத்யா ஷாத்லியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"சார், உங்க பேச்சுக்கு நான் வந்திருக்கேன். அந்தப் பொய்ப்பல்லு கதை. எங்க ஆபீஸ்ல இன்னும் சொல்லிச் சிரிப்போம். நீங்க இருக்கறது நல்லதாப் போச்சு. இந்த வீட்டப் பத்தி நீங்களே சொல்லுங்க."

முற்றத்துத் தூண், மாடிக் கைப்பிடி, கதவுகள் எல்லாவற்றையும் பார்த்தார்கள். தூண்கள் மாற்றியவை, கைப்பிடி இரும்புக் குழாய், கதவுகள் எப்போதோ விறகாகிவிட்டன. கடைசியில் பெரிய அறைக்கு வந்தார்கள். ராத்யா கோடிச் சுவரின் தடத்தைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"இங்க என்ன இருந்துச்சு?"

"சிங்கப் பாதம்," என்றார் ஷாத்லி. "பழைய கல்லாலின் பேட்டைச் சூளையில வெந்த ஓடு. சுவர் முழுக்க."

"அய்யோ. அது இருந்திருந்தா இந்த வீட்டுல யாரும் கை வைக்க முடியாது. எங்க போச்சு?"

"சாவி வச்சிருந்தவங்கள கேளுங்க மேடம்," என்றது கூட்டத்தின் பின்னாலிருந்து சுஹைரின் குரல். "எங்க போச்சு, எவ்வளவுக்குப் போச்சுன்னு அவங்களே சொல்வாங்க."

யாரும் சுஹைரை அடக்கவில்லை. எல்லோரும் மன்ஜியாவைப் பார்த்தார்கள். மன்ஜியா தரையைப் பார்த்தாள். ரொட்டி மாவு காய்ந்திருந்த கையை மேல்துணியில் துடைத்துக்கொண்டே, "என் தப்புதான்மா. நான் பாத்துக்கிட்டிருக்கணும்," என்றாள்.

ஷாத்லி வாயைத் திறந்தது வீரத்தினால் இல்லை. இன்னும் ஒரு நிமிஷம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"அவங்க விக்கல. எங்கிட்டதான் இருக்கு."

"உங்ககிட்டயா?" ராத்யாவுக்குப் புரியவில்லை.

"பாஷா தெருவுல ஒரு வீட்டுக்கு நான் வாங்கிப் பதிச்சேன். வியாபாரி கொண்டுவந்தான், வாங்கினேன். எங்கேருந்துன்னு கேக்கல. எப்பவுமே கேக்கறதில்ல."

"தெரியாம வாங்கிட்டீங்க."

நல்ல பெண், அவருக்கு ஒரு வழி விட்டாள். அதைப் பிடித்துக்கொண்டு வெளியே போயிருக்கலாம். ஷாத்லி இல்லை என்று தலையை ஆட்டினார்.

"பதிக்கறதுக்கு முன்னாடியே தெரியும். கரியத் துடைக்கும்போதே தெரிஞ்சுபோச்சு."

மன்ஜியா தலையை நிமிர்த்தினாள். அவளுக்கு இன்னும் முழுசாக ஏறவில்லை போல. இருக்கிறது என்ற ஒரு வார்த்தை மட்டும் ஏறியிருந்தது, கண்ணில் ஒரு ஆசை வந்திருந்தது.

ராத்யாவும் அதைத்தான் பிடித்தாள். "சரி. அத அப்புறம் பேசுவோம். கழட்டிக் கொண்டுவந்து இங்க பதிச்சிருங்க. நான் ரிப்போர்ட்ட நிறுத்தி வைக்கறேன். உங்களுக்கு அது ஒரு வேலையே இல்லயே சார்."

"முடியாது."

"ஏன்?"

"சிமெண்ட்ல பதிச்சிருக்கேன். நேத்து முயற்சி பண்ணிப் பாத்தேன். நொறுங்குது."

"நீங்களா?" என்றாள் ராத்யா. கேமரா ஆள் தலையைக் குனிந்துகொண்டான்.

வேறு என்ன கேட்பாள்? சுவரில் இருப்பதைத்தான் எழுத முடியும், இருந்ததை எழுத முடியாது என்று மெதுவாகச் சொன்னாள். பெருநாள் முடிந்ததும் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று குடியிருப்பவர்களிடம் சொன்னாள். ஷாத்லியிடம் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போனாள். பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் அறைக்குப் போனார்கள். சுஹைர் போகும்போது ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அதையும் சொல்லாமல் போனாள்.

ஷாத்லி முற்றத்தில் வெகுநேரம் நின்றார். அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். கடைசியில் இவரே போய் அவள் அறை வாசலில் நின்றார். திட்டி வாங்கிக்கொண்டாவது போகவேண்டும், செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனார்.

உள்ளே அவள் முதுகைக் காட்டிக்கொண்டு மாவு மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஆபீஸ் ஆட்கள் போனதும் தலைத்துணியை இறக்கிவிட்டிருந்தாள், நரைத்த தலை வேர்வையில் ஈரமாக இருந்தது. பால் தம்பி முன்னால் அக்காவுக்குத் தலைத்துணி கிடையாது. அன்னிய ஆண்களுக்குத்தான் அந்த மறைப்பு. அறுபதை நெருங்கும் இந்த வயது வரை அவர் முன்னால் அவள் ஒருநாளும் தலையை மூடியதில்லை, குளித்துவிட்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்து சிக்கெடுத்துக்கொண்டே வம்பு பேசியவள்.

காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். யார் என்று பார்த்தாள்.

தோளில் கிடந்த துணியை எடுத்தாள். அவசரப்படாமல் தலையில் போட்டு, ஒரு முடிகூட வெளியே தெரியாமல் காதோரம் செருகி, தாடைக்குக் கீழே முடிந்துகொண்டாள்.

"உக்காருங்க," என்றாள். "காபி கொண்டுவர்றேன்."

அவரைத் தாண்டி வெளியே போகும்போது, வேற்று ஆண் வந்திருக்கும் வீட்டில் செய்கிறபடி, கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டுப் போனாள்.